உறைக்குள் இருந்த சீட்டு

மேசையில் படுத்திருப்பவர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டிருக்கிறார்கள். நடுமார்பு எலும்புக்கு இரு புறமும் தோலைச் சிறிதாகக் கீறி, அடியில் ஓடும் உள்மார்புத் தமனிகளை அறுவை மருத்துவர் பிரித்தெடுத்துவிட்டார். அப்போது அவரிடம் ஓர் உறையை நீட்டுகிறார்கள். உள்ளே ஒரு சீட்டு. தமனிகளைக் கட்டுவதா, தொடாமல் விட்டுத் தோலைத் தைத்துவிடுவதா என்று அந்தச் சீட்டுதான் சொல்லும். என்ன செய்தார்கள் என்பது படுத்திருப்பவருக்குத் தெரியாது. பின்னாளில் அவரிடம் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப்போகும் மருத்துவருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லெனார்ட் காப் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இப்படி 17 பேருக்குச் செய்து, முடிவுகளை 1959இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டார்கள். இதய நோய்க்கான சிகிச்சைகளைச் சோதித்துப் பார்க்கும் வரலாற்றில் இது சிறிய ஆய்வு. ஆனால் அது எழுப்பிய கேள்வி இன்றும் இதயத் தமனிகளைப் படமெடுத்து அடைப்பை விரிக்கும் ஒவ்வொரு கேத் லேபிலும் நிற்கிறது: நோயாளி தேறிவிட்டார் என்றால், அது நாம் செய்ததால்தானா?

அந்த அறுவைச் சிகிச்சையின் பின்னே ஒரு தர்க்கம் இருந்தது. 1939இல் இத்தாலிய அறுவை மருத்துவர் ஃபியஸ்கி அதை முன்வைத்தார். உள்மார்புத் தமனியைக் கட்டிவிட்டால் அதில் போகவேண்டிய ரத்தம் கிளைநாளங்கள் வழியாக இதயத் தசைக்குத் திரும்பும், நடந்தால் வரும் நெஞ்சுவலி நிற்கும் என்றார். 1950களில் இது அமெரிக்காவில் பரவியது. செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வலி குறைந்தது என்றார்கள், மாத்திரையைக் குறைத்தார்கள். 1957இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டதும் கேட்டு வருபவர்கள் கூடினார்கள்.

காப் குழுவின் 17 பேரில் 8 பேருக்குத் தமனிகளைக் கட்டினார்கள், 9 பேருக்குக் கட்டவில்லை. முதல் ஆறு மாதத்தில் கட்டியவர்களில் 5 பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். கட்டாதவர்களிலும் 5 பேர் அதையே சொன்னார்கள். அடுத்த ஆண்டு கன்சாஸிலிருந்து இன்னொரு குழு 18 பேரின் விவரத்தைக் கொண்டுவந்தது. அங்கே தமனி கட்டப்படாத 5 பேருக்கும், ஒருவர் விடாமல், வலி குறைந்திருந்தது. அதோடு அந்த அறுவைச் சிகிச்சை வழக்கொழிந்தது.

தேறியதாகச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நெஞ்சுவலி ஏறி இறங்கும் நோய். மிக மோசமாக இருக்கும் நாளில்தான் ஒருவர் அறுவைக்குச் சம்மதிக்கிறார், அதன் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் ஓரளவு தணியும். வைத்தியம் ஆகிவிட்டது என்ற தைரியம் வந்ததும் பயம் விலகி நடை கூடுகிறது. இவ்வளவு சிரமப்பட்ட மருத்துவரிடம் "ஒன்றும் சுகமில்லை" என்று சொல்ல வாய் வருவதில்லை. இவை எல்லாம் சேர்ந்ததுதான் 'பிளேசிபோ விளைவு' என்று நாம் சுருக்கமாகச் சொல்வது. அதைக் கழித்துப் பார்க்காமல் எந்தச் சிகிச்சைக்கும் மதிப்பெண் போட முடியாது.

இதில் ஒரு கறையும் உண்டு. இந்த அறுவையை மதிப்பிடும் ஆய்வில் சேர்ந்திருப்பதாக மட்டுமே அந்த நோயாளிகள் அறிந்திருந்தார்கள். தமனி கட்டப்படாமலே போகலாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. அதனாலோ என்னவோ, இதய நோயில் இப்படியொரு போலிச் சிகிச்சை ஒப்பீடு திரும்பப் பெரிய அளவில் பேசப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் மருத்துவர்கள் கையில் இன்னும் வலிமையான ஒன்று வந்துவிட்டது. அது படம்.

கண்ணால் கண்டதும்

1958இல் கிளீவ்லாந்து மருத்துவமனையில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளியின் பெருந்தமனி வால்வைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கெதீட்டர் என்ற மெல்லிய குழாயின் முனை நழுவி வலது இதயத் தமனிக்குள் போனது, சாய மருந்து மொத்தமும் அதற்குள் பாய்ந்தது. சில நொடிகள் இதயம் நின்றேவிட்டது. நோயாளியை இருமச் சொன்னார் சோன்ஸ், துடிப்பு திரும்பியது. விபத்தாக நடந்த அந்தப் படப்பிடிப்பிலிருந்து பிறந்ததுதான் இன்றைய ஆஞ்சியோகிராம். 1967இல் அதே மருத்துவமனையில் ரெனே ஃபவலோரோ காலின் சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டி இணைத்தார், பைபாஸ் சிகிச்சை நிலைபெற்றது. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் தன் வீட்டுச் சமையலறையில் உருவாக்கிப் பார்த்த பலூனைக் கொண்டு 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியை உள்ளிருந்தே விரித்தார். விரித்த தமனி திரும்பச் சுருங்காமலிருக்க 1986இல் கம்பி வலைச் சுருளான ஸ்டென்ட் வந்தது.

படம் வந்தபின் வாதத்துக்கு இடமில்லாமல் போனது. திரையில் குறுகல் தெரிகிறது. ஸ்டென்ட் வைத்ததும் அது மறைகிறது. நோயாளியின் குடும்பத்தார் முன்பும் பின்பும் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். வீட்டுக் குழாயில் உப்புப் படிந்து தண்ணீர் சொட்டினால் அதைக் குடைந்து எடுப்போம். தமனியும் அப்படித்தானே என்று தோன்றும். அடைப்பைக் கண்டதும் விரித்துவிடத் துடிக்கும் இந்த மனநிலையை, கண்ணிலிருந்து நேரே கைக்குப் போகும் அனிச்சைச் செயல் என்று 1995இல் அமெரிக்க மருத்துவர்கள் டோபோலும் நிசெனும் கேலியாகவே எழுதினார்கள்.

கண்ணால் கண்டது சரியானதும் நோயாளி பிழைத்துவிடுவார் என்று நம்பியதன் விலையை இதயவியல் முன்பே ஒருமுறை கொடுத்திருந்தது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களின் ஈசிஜியில் தாளம் தப்பிய துடிப்புகள் தெரிந்தால், அவர்கள் திடீரென இறக்கும் அபாயம் கூடுதல். அந்தத் துடிப்புகளை அடக்கும் மாத்திரைகள் இருந்தன. கொடுத்தால் ஈசிஜி சீராகிவிடும். 1980களின் இறுதியில் 'காஸ்ட்' என்ற ஆய்வு அவற்றை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டது. என்கைனைடு, ஃப்ளெகைனைடு எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். தாள் ஒழுங்கானது, ஆள் போய்விட்டார்.

கொல்லும் அடைப்பு எது?

தமனிச் சுவரில் கொழுப்புப் படிவது பல பத்தாண்டுகள் நடக்கும் வேலை. அந்தப் படிவுக்குள் கொழுப்பும், அதை விழுங்கி வீங்கிய வெள்ளணுக்களும் கூழாகக் கிடக்கின்றன. மேலே நார்ப்படலம் ஒரு மூடிபோல் மூடியிருக்கிறது. சில படிவுகளில் மூடி தடித்து, சுண்ணாம்பேறி, தமனியைக் குறுக்கி அசையாமல் நிற்கும். நடந்தால் வலி வரும், உட்கார்ந்தால் போகும். வேறு சில படிவுகள் ரத்த ஓட்டத்தைப் பெரிதாக மறிப்பதில்லை, ஆனால் அவற்றின் மூடி மெலிந்திருக்கும். அழற்சி அந்த மூடியை அரித்துக்கொண்டே வந்து ஒருநாள் கிழித்துவிடும். உள்ளிருக்கும் கூழ் ரத்தத்தில் பட்ட உடனே ரத்தத் தட்டணுக்கள் குவிந்து உறைகட்டி, சில நிமிடங்களில் தமனி முழுக்க அடைபடும். அதுதான் மாரடைப்பு.

1980களின் இறுதியில் சில ஆய்வாளர்கள், மாரடைப்பு வந்தவர்களுக்கு அதற்கு முன்னால் எடுத்திருந்த ஆஞ்சியோகிராம்களைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். பின்னாளில் கிழிந்த இடங்களில் பல, பழைய படத்தில் பாதிக்கும் குறைவான அடைப்பாகத்தான் தெரிந்தன. அன்று அவற்றை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். அப்படியானால் 80 சதவீதக் குறுகல் ஒன்றை ஸ்டென்ட் வைத்து விரித்தால் அந்த இடம் சரியாகும். அதே தமனியிலும் மற்றத் தமனிகளிலும் இருக்கும் மெல்லிய மூடிகள் அப்படியேதான் இருக்கும்.

இரண்டு நோய் என்று சொல்லும் அளவுக்கு இங்கே இரண்டு நிலைகள் இருக்கின்றன: கிழிந்து அடைத்துக்கொண்ட தமனி, பல மாதமாக ஒரே மாதிரி வலிக்கும் குறுகிய தமனி. இரண்டுக்கும் ஒரே ஸ்டென்ட், ஒரே கேத் லேப், ஒரே மருத்துவர். ஆய்வு முடிவுகளோ எதிர் எதிர்த் திசையில் போகின்றன.

அவசரத்தில் கணக்கு வேறு

மாரடைப்பு நேரத்தில் தமனியைத் திறப்பது உயிர் காக்கிறது. இதில் ஐயமில்லை. 1988இல் வெளியான 'ஐசிஸ்-2' ஆய்வு 16 நாடுகளின் 417 மருத்துவமனைகளில் 17,187 பேரைச் சேர்த்தது. இரண்டு மருந்துகள்: உறைகட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஒரு மாதத்துக்குத் தினம் பாதி மாத்திரை அளவு ஆஸ்பிரின். இரண்டும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள் 13.2 சதவீதம். இரண்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சில்லறைக் காசு விலையுள்ள ஆஸ்பிரின் மட்டும் கொடுத்தாலே இறப்பு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்தது.

இந்த ஆய்வில் ஒரு குறும்பும் நடந்தது. யார் யாருக்குப் பலன் கூடுதல் என்று நோயாளிகளைத் தனித்தனிப் பிரிவாக உடைத்துக் காட்டும்படி இதழாசிரியர்கள் கேட்டார்கள். அப்படி உடைத்தால் தற்செயல் முடிவுகள் முளைக்கும் என்பதைக் காட்ட, ஆய்வாளர்கள் பிறந்த தேதிப்படி மேலைநாட்டு ராசிகளாகவும் பிரித்துக் கொடுத்தார்கள். மிதுன, துலா ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றே கெடுதல் என்று வந்தது! மற்றப் பத்து ராசிக்கும் அமோகப் பலன். எந்த மருந்தைப் பற்றியும் "இந்தப் பிரிவினருக்கு மட்டும்" என்று செய்தி வரும்போது இந்த ராசிபலனை நினைத்துக்கொள்வது நல்லது.

பின்னர் மருந்தைவிட பலூனும் ஸ்டென்டும் மேல் என்று வந்தது. 23 ஆய்வுகளைச் சேர்த்து 2003இல் எடுத்த கணக்கில், உறைகட்டி கரைக்கும் மருந்து பெற்றவர்களில் குறுகிய காலத்தில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், உடனடியாகத் தமனியை விரித்தவர்களில் 7 சதவீதம். ஆனால் அதற்குக் கேத் லேப் பக்கத்தில் இருக்கவேண்டும். இந்தியாவில் மாரடைப்பு முதலான திடீர் இதய நோயோடு வந்த 20,937 பேரைப் பதிவுசெய்த 'கிரியேட்' ஆய்வில், வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வந்து சேர எடுத்த நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். ஆறு மணி நேரத்தில், அடைபட்ட தமனியை நம்பியிருக்கும் இதயத் தசையின் பெரும்பகுதி செத்துவிடும்.

இந்த இடைவெளியை அடைக்க நடந்த முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது தமிழகத்திலேயே நடந்தது. தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி முதலான இதய மருத்துவர்கள், கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையைச் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளை 108 ஆம்புலன்ஸ் வழியாக இணைத்தார்கள். சிறிய மருத்துவமனையில் உறைகட்டி கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோகிராம் எடுப்பது திட்டம். 2,420 நோயாளிகளின் விவரம் 2017இல் வெளியானது. திட்டத்துக்கு முன் வந்தவர்களில் ஓராண்டுக்குள் 17.6 சதவீதம் பேர் இறந்தார்கள், பின் வந்தவர்களில் 14.2 சதவீதம். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல, முன்பின் ஒப்பீடு. அதனால் வேறு காரணங்களும் கொஞ்சம் கலந்திருக்கலாம். என்றாலும் மற்ற நாடுகளின் ஆய்வுகளோடு இதன் திசை ஒத்துப்போகிறது.

அவசரமில்லாத அடைப்பு

இப்போது மற்ற நிலைக்கு வருவோம். மாடி ஏறினால் வலி, நின்றால் சரி, சில மாதமாக அப்படியே. ஆஞ்சியோவில் 80 சதவீதம். ஸ்டென்ட் வைத்தால் மாரடைப்பு வராமல் தடுக்கலாமா?

2007இல் 'கரேஜ்' ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,287 பேர். எல்லோருக்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், ரத்த அழுத்த மாத்திரை, நெஞ்சுவலி மாத்திரை. பாதிப் பேருக்கு மட்டும் கூடவே ஸ்டென்ட். 4.6 ஆண்டுகளில் இறப்போ மாரடைப்போ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 19 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்த பிரிவில் 18.5 சதவீதம். வித்தியாசமே இல்லை. அடைப்பு போதிய அளவு மோசமாக இல்லாதவர்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று ஆட்சேபம் எழுந்தது. அதற்காகவே, ரத்தக் குறைவு கணிசமாக இருப்பவர்களைத் தேர்ந்து 'இஸ்கீமியா' என்ற ஆய்வு நடந்தது. இந்தியா உட்பட 37 நாடுகள், 5,179 பேர். 2020இல் அச்சேறிய முடிவில், 3.2 ஆண்டுகளில் முதலிலேயே ஆஞ்சியோவும் ஸ்டென்ட் அல்லது பைபாஸும் என்று போன பிரிவில் இறந்தவர்கள் 145 பேர். மாத்திரையோடு தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் கேத் லேப் போன பிரிவில் 144 பேர்.

உயிருக்குப் பாதுகாப்பு இல்லை, சரி. வலி குறைகிறதே என்றார்கள் மருத்துவர்கள். அது உண்மையும்கூட. கேத் லேபிலிருந்து வெளியே வந்தவர் அடுத்த வாரமே நடக்கிறார். ஆனால் சியாட்டிலின் அந்த ஐந்து பேரும் அப்படித்தான் நடந்தார்கள். வலியைப் பற்றிய கேள்விக்குப் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டால்தான் பதில் கிடைக்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரஷா அல்லாமியும் டாரல் ஃபிரான்சிஸும் அதைச் செய்யத் துணிந்தார்கள். ஆய்வின் பெயர் 'ஆர்பிட்டா'.

இந்த முறை நோயாளிகளிடம் எல்லாவற்றையும் சொல்லி எழுத்துமூலச் சம்மதம் வாங்கினார்கள். முதல் ஆறு வாரம் மாத்திரைகளை ஒழுங்குபடுத்தினார்கள், மருத்துவர் அடிக்கடி தொலைபேசியில் பேசினார். பிறகு கேத் லேப். காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டை ஓடவிட்டார்கள், மயக்க மருந்து கொடுத்தார்கள். கெதீட்டரைச் செலுத்தி, தமனிக்குள் மெல்லிய கம்பியை அனுப்பி, அடைப்புக்கு அப்பால் ரத்த அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். நோயாளி ஆழ்ந்து தூங்கிய பிறகே கணினி யாருக்கு எது என்று சொன்னது. ஸ்டென்ட் இல்லை என்று வந்தவரைக் குறைந்தது பதினைந்து நிமிடம் அப்படியே மேசையில் வைத்திருந்தார்கள், நேரத்தை வைத்து அவர் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக. நடந்ததை அறிந்த கேத் லேப் குழுவினருக்கு நோயாளியின் அடுத்தகட்டக் கவனிப்பில் பங்கில்லை. வார்டில் பொறுப்பேற்றவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆறு வாரம் கழித்து எல்லோரையும் டிரெட்மில்லில் ஏற்றினார்கள்.

200 பேர். 2017இல் முடிவு வந்தது. ஸ்டென்ட் வைத்தவர்கள் முன்பைவிட 28.4 நொடி கூடுதலாக நடந்தார்கள். வைக்காதவர்கள் 11.8 நொடி. நடுவே இருந்த 16.6 நொடி, தற்செயலாகவே வந்திருக்கக்கூடிய அளவு. தமனியில் ரத்த ஓட்டம் மட்டும் தெளிவாகக் கூடியிருந்தது. படம் சரியாகிவிட்டது, ஆனால் நடை அதற்கேற்ப கூடவில்லை.

இதய மருத்துவர்கள் மத்தியில் பெரும் சச்சரவு. ஆள் குறைவு, ஆறு வாரம் போதாது, மாத்திரைகள் ஏற்கெனவே வலியை அடக்கிவிட்டன என்றார்கள். கடைசி வாதத்தில் நியாயம் இருந்தது. அதனால் அதே குழு 'ஆர்பிட்டா-2' ஆய்வில் வலி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னது. 301 பேர் 12 வாரம் தங்கள் வலியைத் தினமும் கைபேசிச் செயலியில் பதிந்தார்கள். 2023இல் வந்த முடிவு இந்தத் தடவை ஸ்டென்டின் பக்கம். வலி குறைந்தது, போலிச் சிகிச்சை பெற்றவர்களைவிட டிரெட்மில்லில் 59.5 நொடி கூடுதலாக நடந்தார்கள். ஆக, ஸ்டென்ட் வலிக்கு உண்மையாகவே வேலை செய்கிறது. மாத்திரை வேலை செய்துவிட்ட பிறகு ஸ்டென்ட் செய்ய மிச்சம் இருப்பது கொஞ்சம். 'இஸ்கீமியா' ஆய்விலும் இதே சாயல்: தினமோ வாரமோ வலி வந்துகொண்டிருந்தவர்களில், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் பக்கம் போனவர்களில் பாதிப் பேர் ஓராண்டில் வலியில்லாமல் இருந்தார்கள், மாத்திரைப் பக்கம் ஐந்தில் ஒருவர். வலியே இல்லாதவருக்கு ஸ்டென்ட் வலியில் என்ன செய்துவிடும்?

மாத்திரை எதைத் தொடுகிறது

மாத்திரைப் பிரிவினர் உயிரில் பின்தங்காமல் போனதற்குக் காரணம் அந்த மெல்லிய மூடிகளில் இருக்கிறது. ஸ்டென்ட் ஒரு இடத்தைத் தொடுகிறது, ஸ்டாடின் எல்லாப் படிவுகளையும் தொடுகிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், 5.4 ஆண்டுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டாடின் எடுத்தவர்களில் 182 பேர். ஆஞ்சியோ படத்தில் ஸ்டாடினால் வரும் மாற்றம் கண்ணுக்கு எட்டாத அளவு சிறியது. பலன் இருக்குமிடம் படத்தில் தெரியாத ஒன்று.

பைபாஸ் எங்கே வெல்கிறது என்பதையும் இதே கோணத்தில் புரிந்துகொள்ளலாம். சர்க்கரை நோயும் பல தமனிகளில் அடைப்பும் உள்ள 1,900 பேரை 'ஃப்ரீடம்' ஆய்வு ஸ்டென்ட், பைபாஸ் என்று பிரித்தது. 2012இல் வந்த முடிவில் ஐந்தாண்டு இறப்பு ஸ்டென்ட் பிரிவில் 16.3 சதவீதம், பைபாஸ் பிரிவில் 10.9 சதவீதம். தமனியின் மேற்பகுதி முழுவதையும் தாண்டி வெகு கீழே ரத்தத்தைக் கொண்டுசேர்ப்பதால், தாண்டிய தூரத்தில் நாளை எந்த மூடி கிழிந்தாலும் தசைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும் என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். சர்க்கரை நோயாளிகள் மலிந்த நம் ஊரில் இது தலையாய ஆய்வு. மூன்று தமனியிலும் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிக்கு "அறுவை வேண்டாம், ஸ்டென்டிலேயே முடித்துவிடலாம்" என்று சொல்லப்பட்டால், ஏன் என்று கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

இந்த ஆய்வுகளுக்கும் எல்லை உண்டு. இடப்பக்க முதன்மைத் தமனியில் பெரிய அடைப்பு உள்ளவர்களை 'இஸ்கீமியா' சேர்க்கவில்லை. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களையும், இதயத் தசை மிகவும் தளர்ந்தவர்களையும் சேர்க்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே வரும் வலி, நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவை இந்தக் கணக்கில் வரவே வராது. அவை அவசர நிலை, நேரே மருத்துவமனைக்குப் போகவேண்டியவை.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து தடவிய ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. அதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் கொடுத்தவர்கள் இருந்தார்கள். விலை இறங்கியது நல்லதே. தேவையில்லாத ஸ்டென்ட் எந்த விலையிலும் தேவையில்லாததுதான் என்பது வேறு விஷயம். ஸ்டென்ட் வைக்கும் முடிவு பெரும்பாலும் எடுக்கப்படும் இடத்தை நாம் எல்லோரும் அறிவோம். ஆஞ்சியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேத் லேப் கதவு திறக்கும். வெளியே காத்திருக்கும் மகனையோ மனைவியையோ உள்ளே கூப்பிட்டு, திரையைக் காட்டி, "அப்பாவுக்கு எண்பது பெர்சன்ட் பிளாக் இருக்கு, இப்பவே வெச்சிடலாமா?" என்பார்கள். கையெழுத்துப் போட ஐந்து நிமிடம்கூட இருக்காது. மாரடைப்போடு வந்தவர் என்றால் அந்த ஐந்து நிமிடமும் அதிகம், உடனே போட்டுவிட வேண்டும். பல மாதமாக ஒரே மாதிரி வலியோடு நடந்து வந்தவர் என்றால், "இது உயிருக்காகவா, வலிக்காகவா டாக்டர்? மாத்திரையில் கொஞ்ச நாள் பார்க்கலாமா?" என்று கேட்கலாம். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரலாம், இன்னொரு மருத்துவரிடமும் காட்டலாம். மாத்திரையோடு தொடங்கிய 'இஸ்கீமியா' பிரிவினர், தேவை வந்தபோது கேத் லேப் போய்க்கொண்டார்கள். காத்திருந்ததற்காக உயிர்க்கணக்கில் அவர்கள் எதையும் இழக்கவில்லை.